டிஎச்இஏ மாத்திரை முதுமையைத் தள்ளிப்போடுமா?

தக்கலையில் இருக்கும் 68 வயது அம்மாவின் மறதிக்கும் அசதிக்கும், அமெரிக்காவிலிருந்து மாமா கொண்டுவந்த டிஎச்இஏ மாத்திரையைக் கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து கொடுக்காதீர்கள்.

டிஎச்இஏ நம் சிறுநீரகத்தின் மேல் இருக்கும் அட்ரீனல் சுரப்பியில் ஊறும் ஹார்மோன். உடல் இதிலிருந்துதான் ஈஸ்ட்ரோஜன், டெஸ்டோஸ்டிரோன் என்ற பாலின ஹார்மோன்களைக் கொஞ்சம் செய்துகொள்கிறது. இருபதுகளில் உச்சத்தில் இருக்கும், வயதாக ஆகக் குறையும். குறைந்ததை நிரப்பினால் இளமை திரும்பும் என்ற நம்பிக்கை அப்படி வந்ததுதான். ஆனால் அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவமனை மருத்துவர்கள் முதியவர்களுக்கு இரண்டு வருஷம் கொடுத்துப் பார்த்து, 2006-இல் முடிவை வெளியிட்டார்கள். உடல் திறன், வாழ்க்கைத் தரம் எதிலும் சொல்லும்படி பலன் இல்லை. முகப்பரு, முகத்தில் முடி வரலாம்; மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள் தொடவே கூடாது. அமெரிக்காவில் மருத்துவர் சீட்டு இல்லாமல் கிடைக்கிறதே என்றால், அது உணவுத் துணைப்பொருளாக விற்கப்படுகிறது, அவ்வளவுதான்.

65 வயதைத் தாண்டிய பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டின் என்ற இன்னொரு பெண் ஹார்மோன் மருந்தும் சேர்த்துக் கொடுத்த ஆய்வில் டிமென்ஷியா என்ற மறதி நோயின் ஆபத்து இரண்டு மடங்கானது (2003). மூளைக்கு ஹார்மோன் நல்லது என்று யாராவது சொன்னால் இதை நினைவில் வையுங்கள்.

முதலில் அம்மாவை ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரிக்கு அழைத்துப்போய் தைராய்டு, வைட்டமின் பி12, சர்க்கரை பாருங்கள். தைராய்டு குறைவு என்றால் அதற்கான மாத்திரையும் ஹார்மோன்தான். மருத்துவர் எழுதித் தந்தால் அதைத் தயங்காமல் கொடுங்கள்.