பழைய காருக்குப் புது மாடல் கம்பெனி செட்: வட ஆற்காடு வண்டிக்காரர்களின் கேள்வி பதில்

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், ஆரணின்னு பழைய வட ஆற்காடு முழுக்க இருந்து கேள்வி வந்திருக்கு. வெளியில விக்கிற ஆண்ட்ராய்டு மியூசிக் செட் பத்தி இங்க பேசல. அதே கம்பெனியோட புது மாடல்ல வர்ற ஒரிஜினல் செட்டை பழைய வண்டியில மாட்டுறது பத்திதான் பேச்சு. வண்டி ஒயரிங் என் தொழில். அதனால அந்தப் பக்கம் கொஞ்சம் விரிவாவே சொல்றேன்.

சத்துவாச்சாரி: அண்ணா, என்கிட்ட 2012 ஸ்விஃப்ட் இருக்கு. புது மாருதியில வர்ற டச் செட் சென்னை புதுப்பேட்டையில ரன்னிங் பீஸ் (கழட்டின, ஓடுற நிலையில இருக்கிற பழைய செட்) கிடைக்குதுன்னு சொல்றாங்க. நம்பி வாங்கலாமா?

வாங்கலாம் தம்பி. ஆனா கடையிலயே பேட்டரி வச்சு ஓட்டிக் காட்டச் சொல்லுங்க. ஸ்க்ரீனோட நாலு மூலையையும் விரலால தொட்டுப் பாருங்க, ஓரத்துல டச் செத்திருக்கலாம். உங்க போனை ப்ளூடூத்துல சேருங்க. ரேடியோ, யூஎஸ்பி ரெண்டையும் போட்டுப் பாருங்க. ஆன் ஆனதும் ஏதாவது கோட் கேட்டா, அந்த நம்பர் கையில வராம காசு கொடுக்காதீங்க. ஃபோக்ஸ்வேகன், ஸ்கோடா மாதிரி வண்டிகள்ல செட் தன்னோட பழைய வண்டியைத் தேடும். வேற வண்டியில போட்டா பூட்டிக்கிற மாடல்கள் உண்டு, கம்பெனி கம்ப்யூட்டர் வச்சுதான் திறக்க முடியும்.

அடுத்தது கப்ளர், அதாவது ஒயர் முனையில இருக்கிற பிளக். செட்டுக்குப் பின்னாடி சொருகுற எல்லா கப்ளரையும் ஒரு ஜாண் ஒயரோட வெட்டித் தரச் சொல்லுங்க. இதை விட்டுட்டு வந்தா, அப்புறம் கப்ளர் தேடியே அலுத்துடுவீங்க. மைக், ஜிபிஎஸ் ஆன்டெனா, யூஎஸ்பி சாக்கெட்டோட ஒயர் எல்லாம் செட்டுக்குள்ள இருக்காது, தனித்தனி சாமான். யூஎஸ்பி ஒயர் ஒரிஜினலா இல்லேன்னா போன் சார்ஜ் மட்டும் ஏறும், ஆண்ட்ராய்டு ஆட்டோ (போனை கார் ஸ்க்ரீன்ல காட்டுற வசதி) வராமப் போகலாம்.

அளவையும் பாருங்க. சின்ன செட் 180 மி.மீ. அகலம், 50 உயரம். பெரிய செட் 180-க்கு 100. டொயோட்டா வண்டிகள்ல 200-க்கு 100 வரும். ஆனா டச் செட்டுல பல மாடலுக்கு முன்முகம் இந்த அளவுக்குள்ள அடங்காது. அதனால உங்க வண்டி டேஷ்போர்டுக்குப் பொருந்துற ஃப்ரேம் கிடைக்குதான்னு உறுதி பண்ணிக்கிட்டு அப்புறமா செட்டைப் பாருங்க.

சீரியல் நம்பர் எழுதின பில் கட்டாயம் வாங்குங்க. திருட்டு செட் கையில வந்தா பிரச்சினை உங்களுக்குத்தான்.

காட்பாடி: சார், கப்ளர் பொருந்தலன்னு வண்டி ஒயரை வெட்டி முறுக்கி டேப் சுத்திடலாம்னு மெக்கானிக் சொல்றார். சரிதானா?

வேண்டாம் சார். வண்டிப் பக்கத்து கப்ளர்ல கத்தியே படக்கூடாது. நடுவுல ஒரு இணைப்பு ஒயர் செஞ்சுக்கலாம்: ஒரு முனை வண்டி கப்ளருக்கு, இன்னொரு முனை புது செட்டுக்கு. ஜாயின்ட் எல்லாம் சால்டர் பண்ணி (ஈயம் வச்சுப் பத்தவச்சு) மேல ஸ்லீவ் உறை போடணும். நம்ம ஊர் சித்திரை வெயில்ல மூடி நிக்கிற காருக்குள்ள டேப் பசை உருகி வழுக்கி வந்துடும். அப்புறம் ரெண்டு ஒயர் ஒட்டினா ஃபியூஸ் போகும், இல்லேன்னா செட்டே போகும்.

கலர் பார்த்து மட்டும் சேர்க்காதீங்க. வெளி மார்க்கெட் செட்டுல மஞ்சள் நேரடி பேட்டரி லைன், சிவப்பு சாவி லைன், கறுப்பு எர்த். கம்பெனி ஒயரிங்குக்கு இந்தக் கணக்கு செல்லாது, ஒவ்வொருத்தரும் ஒரு கலர் வச்சிருப்பாங்க. மல்டிமீட்டர் (வோல்ட், கரண்ட் அளக்குற மீட்டர்) வச்சுப் பாருங்க. சாவி வெளியில இருக்கும்போதே 12 வோல்ட் காட்டுறது நேரடி லைன். சாவியை ஏசிசி (இன்ஜின் ஓடாம செட் மட்டும் வேலை செய்யிற இடம்) வரைக்கும் திருப்பினா மட்டும் காட்டுறது சாவி லைன்.

ஸ்பீக்கர் ஒயரைக் கண்டுபிடிக்க சுவர்க் கடிகாரத்துல போடுற 1.5 வோல்ட் செல் போதும். பழைய செட்டை முழுசா கழட்டின பிறகு, ரெண்டு ஒயரையும் செல்லோட ரெண்டு முனையில ஒரு கணம் தொட்டு எடுங்க. எந்தக் கதவுல 'டப்'புன்னு சத்தம் வருதோ அந்த ஸ்பீக்கர். வலையைக் கழட்டிப் பார்த்தா இன்னும் தெளிவாத் தெரியும்: தொடும்போது கோன் (ஸ்பீக்கர்ல அதிர்ற கூம்பு) வெளியில தள்ளினா, செல்லோட பிளஸ்ஸைத் தொட்ட ஒயர்தான் ஸ்பீக்கருக்கும் பிளஸ். ஒரு ஸ்பீக்கர்ல பிளஸ் மைனஸ் மாறிப்போனாலும் பாட்டுல அடிச்சத்தம் (பேஸ்) குறைஞ்சு போகும்.

ரொம்பப் பழைய வேன், ஜீப்னா இன்னொண்ணு. அதுல ஸ்பீக்கரோட ஒரு ஒயரை பாடியிலயே எர்த் பண்ணியிருப்பாங்க. இப்போ வர்ற செட் எதுவும் இதைத் தாங்காது, சத்தத்தைப் பெருக்குற ஆம்ப் ஐசி எரிஞ்சுடும். ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் தனியா ரெண்டு ஒயர் புதுசா இழுத்துடுங்க.

ஆம்பூர்: சாவியை எடுத்தா டைம், ஸ்டேஷன் எல்லாம் அழிஞ்சுடுது.

நேரடி லைனும் சாவி லைனும் இடம் மாறியிருக்கு. மாத்திப் போடுங்க. அப்பவும் அழிஞ்சா நேரடி லைன் ஃபியூஸைப் பாருங்க.

வாணியம்பாடி: பழைய செட்டுல எஃப்எம் நல்லா எடுத்துச்சு. புதுசுல கரகரன்னு வருது. செட் கோளாறா?

பெரும்பாலும் செட் கோளாறா இருக்காது. கூரை மேல குட்டை ஆன்டெனா இருக்கிற வண்டிகள் பலதுல அடியில ஒரு சின்ன பூஸ்டர் இருக்கும். அதுக்கு 12 வோல்ட் வேணும். சில கம்பெனி அதை ஆன்டெனா ஒயர் வழியாவே அனுப்பும், சிலது தனி ஒயர்ல. புது செட்டும் வண்டியும் வேற வேற முறைன்னா பூஸ்டர் தூங்கிடும். அதுக்குன்னே கரண்ட் ஏத்துற அடாப்டர் கடையில கிடைக்குது. ஏலகிரி, ஜவ்வாது மலை மறைப்புல சிக்னல் குறையிறது வேற விஷயம், அதுக்கு எந்த செட்டும் மருந்தில்ல.

ஜப்பான்ல இருந்து வந்த செட்டா இருந்தா அதையும் பாருங்க. அங்க எஃப்எம் 76 மெகாஹெர்ட்ஸ்ல ஆரம்பிச்சு 95-லயே முடிஞ்சுடும், பழைய செட்டுல 90-லயே. நம்ம ஸ்டேஷன் பல 90-க்கு மேல. அமெரிக்கா செட்டுல ஏஎம் பத்துப் பத்து கிலோஹெர்ட்ஸா தாவும், நமக்கு ஒன்பது ஒன்பதா போகணும். செட்டிங்ல நாடு மாத்த வழி இருந்தா மாத்திடுங்க.

குடியாத்தம்: ஸ்டியரிங்ல பட்டன் வச்ச மாடலா மாத்தலாமா அண்ணா? அவருக்கு ரொம்ப ஆசை.

மாத்தலாம்மா, ஆனா இது ரோட்டோரத்துல வச்சு செய்யிற வேலை இல்ல. பட்டன் லைன் போறதுக்கு ஸ்டியரிங்குக்குள்ள இருக்கிற சுருள் ஒயரையும் மாத்த வேண்டி வரலாம். ஏர்பேக் இருக்கிற வண்டின்னா பேட்டரி நெகடிவ்வைக் கழட்டி, கம்பெனி சொல்ற நேரம் காத்திருந்து, அப்புறம்தான் ஸ்டியரிங்கைத் தொடணும். மஞ்சள் கப்ளர் போட்ட ஒயர் ஏர்பேக்கோடது, அதுல மீட்டர் கூட வைக்கக்கூடாது. இதெல்லாம் தெரிஞ்சவர் கிடைக்கலன்னா, செட்டு மேலயே வால்யூம் வச்சுக்கலாம்னு அவர்கிட்ட சொல்லுங்க. உயிர் விஷயம்.

ராணிப்பேட்டை: டப்பாவுல 50 வாட் இன்ட்டு 4-னு போட்டிருக்கு. ஆனா பாட்டு பழைய மாதிரியேதான் கேக்குது.

அந்த 50 ஒரு கண நேர உச்சம். தொடர்ந்து சுத்தமா தர்றது ஒரு ஸ்பீக்கருக்கு 20 வாட் பக்கம்தான். உங்க வண்டியில கம்பெனி போட்ட பேப்பர் கோன் இத்தனை வருஷ வெயில்ல வெறைச்சுப் போயிருக்கும். முன் கதவு ரெண்டுக்கும் நல்ல 4 ஓம் ஸ்பீக்கர் போடுங்க, கதவுத் தகட்டுல அதிர்வைத் தாங்குற ஷீட் ஒட்டுங்க. காசு கம்மின்னா முதல்ல ஸ்பீக்கர், அப்புறம் செட். இதுல எனக்கு சந்தேகமே கிடையாது.

வாலாஜா: லாரிக்கு கார் செட் போடலாமா? ஒரே பேட்டரியில 12 எடுத்துக் கொடுக்கிறேன்னு சொல்றாங்க.

உங்க லாரி 24 வோல்ட்னா அப்படி எடுக்காதீங்க. ரெண்டு பேட்டரியும் சீரியல்ல இருக்கு. ஒண்ணுல மட்டும் எடுத்தா அது எப்பவும் குறைஞ்சே கிடக்கும், இன்னொண்ணு ஓவர் சார்ஜ் ஆகும். கடைசியில ரெண்டும் வீணாகும். 24-ல இருந்து 12 ஆக்குற கன்வெர்ட்டர் வாங்குங்க, 10 ஆம்பியர் தாங்கணும், மெமரிக்குத் தனி லைன் இருக்கணும்.

ஆரணி: செட் மாட்டினதுல இருந்து ரெண்டு நாள் நிறுத்தினா வண்டி ஸ்டார்ட் ஆகல.

மல்டிமீட்டரை 10 ஆம்பியர்ல வச்சு, பேட்டரி நெகடிவ்வுக்கும் கழட்டின கேபிளுக்கும் நடுவுல போடுங்க. கதவெல்லாம் பூட்டி அரை மணி நேரம் விடுங்க. 50 மில்லி ஆம்பியருக்குக் கீழ நிக்கணும். மேல இருந்தா செட்டோட ஃபியூஸைப் பிடுங்குங்க. உடனே இறங்கினா, பெரும்பாலும் சாவி லைனையும் நேரடி லைன்லயே சேர்த்து மாட்டியிருப்பாங்க, பிரிச்சுப் போடுங்க. இறங்கலன்னா செட் மேல தப்பில்ல, மத்த ஃபியூஸை ஒண்ணொண்ணா எடுத்துப் பாருங்க. மீட்டர் மாட்டியிருக்கும்போது மட்டும் வண்டியை ஸ்டார்ட் பண்ணிடாதீங்க.