பில் வால்டன்: பந்து நடுக்கோட்டைத் தாண்டும்வரை

அன்புள்ள ஆசிரியருக்கு,

பழைய அமெரிக்கக் கூடைப்பந்து ஆட்டங்களை நண்பர்கள் சிலர் சேர்ந்து பார்ப்பது வழக்கம். பில் வால்டன் வர்ணனை என்றாலே எங்கள் கூட்டம் இரண்டாகிவிடுகிறது. ‘அவர் இருந்தால்தான் ஆட்டமே களைகட்டும்’ என்கிறது ஒரு தரப்பு. ‘மியூட் போடு’ என்கிறது இன்னொன்று. ஸ்கோர் நெருக்கமாக இருக்கும்போது எரிமலை, சைக்கிள், கிரேட்ஃபுல் டெட் இசைக்குழு என்று எங்கோ போய்விடுகிறார். அவ்வளவு பெரிய ஆட்டக்காரருக்கு ஆட்டத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமே இல்லையா? ஈஎஸ்பிஎன் ஏன் அவரைக் கடைசிவரை விடவில்லை? நீங்கள் எந்தக் கட்சி?

எஸ்.

*

அன்புள்ள எஸ்.,

உங்கள் நண்பர்கள் ஒரே ஆளைப் பற்றித்தான் சண்டை போடுகிறார்களா என்பதே எனக்குச் சந்தேகம். 1990களில் என்பிசி தொலைக்காட்சியில் பேசிய வால்டன் வேறு. 2012க்குப் பிறகு பல வண்ணச் சாய டி-ஷர்ட்டோடு பேக்-12 (மேற்குப் பகுதிக் கல்லூரிகள் பன்னிரண்டின் கூட்டமைப்பு) ஆட்டங்களுக்கு வந்து உட்கார்ந்த வால்டன் வேறு. அடுத்த முறை சண்டை வந்தால் முதலில் ஆண்டைக் கேளுங்கள்.

அவருக்குச் சொல்ல ஒன்றுமில்லை என்பது மட்டும் சரியில்லை. 1973 கல்லூரி இறுதிப் போட்டியில் தன் கல்லூரியான யூசிஎல்ஏவுக்காக 22 ஷாட் எடுத்து 21ஐக் கூடையில் போட்டவர். அன்றைக்கு 44 பாயின்ட். 1977 என்பிஏ (தொழில்முறை லீக்) இறுதியில் முதல் இரண்டு ஆட்டங்களையும் தோற்ற போர்ட்லாந்து, அடுத்த நான்கையும் வரிசையாக வென்றது அவரை நடுவில் வைத்துத்தான். பாதக் காயங்கள்தான் அவரைக் கவிழ்த்தன. ப்ளேஆஃப் நீங்கலாக என்பிஏவில் மொத்தம் 468 ஆட்டங்களே ஆட முடிந்தது. இத்தனைக்கும் 28 வயதுவரை கடுமையான திக்குவாய். மூத்த வர்ணனையாளர் மார்ட்டி கிளிக்மன் வழிகாட்ட, நிதானமாகப் பேசியும் சத்தமாக வாசித்தும் பழகி அதிலிருந்து வெளியே வந்தார். அப்படி வந்தவர் கையில் மைக்கைக் கொடுத்தால் திருப்பித் தருவாரா?

இனி வர்ணனை மேசைக்கு வருவோம். அங்கே ஒருவர் நடப்பதைச் சொல்வார். பக்கத்தில் இருக்கும் முன்னாள் வீரர், அது ஏன் நடந்தது என்று சொல்ல வேண்டும். ஆண்கள் கல்லூரி ஆட்டத்தில் கூடை விழுந்ததும் எதிரணி பந்தை உள்ளே எடுத்து 10 விநாடிக்குள் நடுக்கோட்டைத் தாண்டியாக வேண்டும். யாரும் நெருக்காவிட்டால் ஐந்தாறு விநாடியிலேயே தாண்டிவிடுவார்கள். அந்த ஐந்தாறு விநாடிதான் முன்னாள் வீரரின் இடம். பந்து கோட்டைத் தாண்டினால் பேச்சை முடித்துவிட வேண்டும், முடியாவிட்டால் பாதியில் விட்டுவிட வேண்டும். ஃப்ரீ த்ரோ (ஃபவுலுக்காகக் கிடைக்கும் தடையில்லா ஷாட்), ரீப்ளே என்றால் இரண்டு வாக்கியம் கூடுதலாகப் பேசலாம். ஒவ்வொரு பாதியிலும் 16, 12, 8, 4 நிமிடம் மிச்சமிருக்கும்போது, அதற்கடுத்து ஆட்டம் நிற்கும் இடத்தில் விளம்பர இடைவேளை விடுவார்கள். அது முடிந்து திரும்பும்போது ஒரு குட்டிக் கதைக்கு இடமுண்டு. எரிமலைக்கு இல்லை.

மியூட்காரர்களின் கோபத்தில் உள்ள நியாயம் இதுதான். எரிமலையைப் பேசியது தப்பே இல்லை, பந்து கோட்டைத் தாண்டிய பிறகும் அதைத் தொடர்ந்ததுதான் தப்பு. அப்போது எதை இழக்கிறோம் என்று பாருங்கள். ஒரு பாதியில் ஓர் அணியின் ஏழாவது ஃபவுலிலிருந்து எதிரணிக்கு ஃப்ரீ த்ரோ கிடைக்கும், ஆனால் முதலாவதைப் போட்டால்தான் இரண்டாவது. பத்தாவதிலிருந்து நேராக இரண்டு. இரண்டு பாயின்ட் பின்தங்கிய அணி கடைசி நிமிடத்தில் கடிகாரத்தை நிறுத்த வேண்டுமென்றே ஃபவுல் செய்கிறது என்றால் அது ஆறாவதா, ஏழாவதா, பத்தாவதா என்பதில்தான் கோச்சின் கணக்கு முழுக்க இருக்கிறது. நான்கு ஃபவுலோடு நிற்கும் சென்டர் (கூடையருகே ஆடும் உயரமானவன்), ஐந்தாவது விழுந்தால் வெளியே போக வேண்டுமே என்று கையைத் தூக்கத் தயங்குவான். எதிரணி அவனைக் குறிவைத்தே பந்தை உள்ளே அனுப்பும். சென்டராகவே ஆடிய ஒருவர் பக்கத்தில் இருந்தும் இதைச் சொல்லாமல் விட்டால் எரிச்சல் வராதா?

சொல்லத் தெரிந்தவர் என்பதால்தான் ஆதங்கமும் அதிகம். ரீபவுண்ட் (கூடையில் விழாமல் திரும்பும் பந்து) எடுத்து முதல் பாஸ் கொடுப்பதில் அவரை மிஞ்சிய சென்டர்கள் குறைவு. பந்தை இரண்டு கையாலும் தலைக்கு மேல் பிடித்து, அந்தரத்திலேயே பக்கக்கோடு நோக்கித் திரும்பி, கால் தரையில் பாவும் முன்பே பாஸை விட்டுவிடுவார். எதிரணி திரும்பிப் பார்ப்பதற்குள் பந்து பாதித் தூரம் போயிருக்கும். பந்தை முதலில் மார்புக்கு இறக்கிக்கொண்டால் குட்டையான ஆட்டக்காரன் கையை விட்டுத் தட்டிவிடுவான். தரையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுக் கொடுத்தால் வேகத் தாக்குதல் அங்கேயே செத்துவிடும்.

என்பிசி காலத்தில் இந்த அறிவு முழுக்கப் பேச்சில் இருந்தது, கொஞ்சம் கொடூரமாகவே. சோம்பேறி சென்டர்களை வறுத்தெடுப்பார். அவருக்கு வாய்த்த மருந்து, உடன் பேசிய ஸ்டீவ் ஜோன்ஸ். போர்ட்லாந்தில் ஒரு பருவம் வால்டனோடு ஆடியவர், அதனால் பயமே கிடையாது. வால்டன் ஒன்று சொன்னால் ஜோன்ஸ் உடனே மறுப்பார். மறுத்தவருக்குப் பதில் சொல்ல வால்டன் மறுபடி கோர்ட்டுக்கு வந்தே ஆக வேண்டும். ஈஎஸ்பிஎன்னில் அந்த இடத்தில் டேவ் பாஷ். அவர் கிண்டலடிப்பார், கதை ஓடும்போதே பந்து யாரிடம் என்பதை நடுவில் செருகுவார், ஆனால் கூடைப்பந்து வாதத்துக்கு இழுப்பது குறைவு. நகைச்சுவைக்கு அருமையான ஜோடி, அலசலுக்கு அப்படி இல்லை.

மிகைப்படுத்தலையும் குறை சொல்வார்கள். என்பிஏ வீரர் போரிஸ் டியாவைப் பார்த்தால் பேத்தோவன் நினைவு வருகிறது என்றார். இன்னொரு என்பிஏ வீரர் ஜான் ஸ்டாக்டனை மேற்கத்திய நாகரிக வரலாற்றின் அதிசயங்களில் ஒன்றாக்கினார். எனக்கு அதில் குறையில்லை, டியா பாஸ் கொடுத்ததைப் பார்த்தவர்களுக்குப் புரியும். பேக்-12ஐ ஓயாமல் ‘சாம்பியன்களின் கூட்டமைப்பு’ என்றது வேறு விஷயம். அந்தக் கல்லூரிகள் 500க்கு மேல் தேசியப் பட்டங்கள் வென்றது உண்மைதான். அதில் வாட்டர் போலோவும் நீச்சலும் டென்னிஸும் சேர்த்தி. ஆண்கள் கூடைப்பந்தில் அவர்களின் கடைசிப் பட்டம் 1997இல் அரிசோனா வென்றது.

2019 ஆகஸ்ட்டில் ஒரு பேஸ்பால் ஆட்டத்துக்கு, சிகாகோ ஒயிட் சாக்ஸ் ஒளிபரப்பில், வர்ணனையாளர் ஜேசன் பெனட்டியோடு அவரை உட்கார வைத்தார்கள். பலரும் ரசித்தார்கள். காரணம் எளிது: பந்துக்கும் பந்துக்கும் நடுவே அங்கே இடைவெளி இருக்கிறது. நம் கிரிக்கெட்டிலும் பந்துவீச்சாளர் நடந்து திரும்பும் நேரம் முழுக்க வால்டன் பேசியிருக்கலாம், யாருக்கும் ஒன்றும் குறைந்திருக்காது.

ஈஎஸ்பிஎன் விடாததற்குக் காரணம் கடிகாரம் என்பேன். மேற்குக் கரை ஆட்டங்கள் பல, கிழக்குக் கரை நேரப்படி இரவு 10, 11 மணிக்குத்தான் தொடங்கும். அந்த நேரத்தில் 20 பாயின்ட் வித்தியாச ஆட்டத்தை யார் பார்ப்பார்கள்? வால்டனுக்காகப் பார்த்தார்கள். 2022 ஜூனில் யூசிஎல்ஏ பேக்-12ஐ விட்டு விலகப் போவதாக அறிவித்தபோது, தன் கல்லூரி என்றும் பாராமல் பகிரங்கமாக எதிர்த்தார். 2024 மே 27 அன்று 71 வயதில் இறந்தார். அந்த ஆகஸ்டிலேயே பேக்-12இன் 12 கல்லூரிகளில் 10 வெளியேறிவிட்டன.

நான் ஜோன்ஸோடு பேசிய வால்டன் கட்சி. பிந்தைய வால்டனை, முடிவு தெரிந்துபோன ஆட்டங்களுக்கு மட்டும் வைத்துக்கொள்வேன். நம்பாவிட்டால் ஒரு தாளில் இரண்டு பத்தி போடுங்கள்: பந்து கோட்டைத் தாண்டுமுன் முடித்த பேச்சு, தாண்டியும் முடிக்காத பேச்சு. ஆட்டத்தின் கடைசி நான்கு நிமிடத்துக்கு மட்டும் கோடு போட்டு எண்ணினால் போதும். பிறகு ஒரு 1990களின் என்பிசி ஆட்டத்துக்கும் அதையே செய்துவிட்டு எழுதுங்கள்.