சுவரோவியம் படிக்க விரும்பும் மகளுக்கு

அன்புள்ள அம்மா,

பிலடெல்பியாவில் குடியேறி இரண்டு வருடம்தான் ஆகிறது, அதற்குள் மகள் சுவரோவியம்தான் என் வழி என்று நிற்கிறாள், கல்லூரிக் கட்டணத்தை நினைத்தால் தூக்கம் வரவில்லை என்று எழுதியிருந்தீர்கள். பயம் நியாயமானதுதான். சுவர் வரைந்தே மாதாமாதம் நிலையான வருமானம் பார்ப்பது கடினம். ஆனால், "வரைவது சரிப்படாவிட்டால் டீச்சராகட்டும்" என்று எழுதியிருக்கிறீர்களே, அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். இந்தத் தொழிலில் வரைவதும் கற்றுக்கொடுப்பதும் ஒரே வேலை.

ழான் ஷார்லோவைப் பாருங்கள். 1898-இல் பாரிஸில் பிறந்த ஓவியர். 1921-இல் மெக்சிகோ போய், அங்கே சுவரோவிய இயக்கம் தொடங்கிய காலத்திலேயே ஒரு பள்ளிச் சுவரில் ஈரச் சுண்ணாம்பின் மேல் வரைந்தார். அப்புறம் அமெரிக்கக் கல்லூரிகளில் ஆசிரியர் வேலை. 1949-இல் ஹவாய்ப் பல்கலைக்கழகம் ஒரு சுவர் வரையக் கூப்பிட்டது. போனவர் பேராசிரியராக அங்கேயே தங்கிவிட்டார். 1966-இல் ஓய்வு பெற்ற பிறகும் தூரிகையை விடவில்லை. என்னை அதிகம் கவர்ந்தது வேறொன்று. மெக்சிகோவின் பழங்குடி மொழியான நாவாட்லைப் படித்தார், ஹவாய் மொழியையும் படித்து அதில் நாடகமே எழுதினார். சுவர் யாருடையதோ அவர்களுடைய பேச்சு தெரியாமல் அதில் என்ன வரைவது?

உங்கள் ஊரிலேயே 1984-இல், தெருச் சுவர்களில் கிறுக்கிய இளைஞர்களை நல்வழிப்படுத்தத் தொடங்கிய திட்டம்தான் இன்றைய மியூரல் ஆர்ட்ஸ் என்ற சுவரோவிய அமைப்பு. அங்கே பல ஓவியங்கள் நேராகச் சுவரில் வரையப்படுவதில்லை. பாராசூட் துணி என்று அவர்கள் சொல்லும் மெல்லிய துணியைச் சதுரங்களாக வெட்டி, எந்த இடத்துக்கு எந்த வண்ணம் என்று எண் போட்டுக் கொடுக்கிறார்கள். பள்ளிப் பிள்ளைகளும், ஏணி ஏற முடியாத முதியவர்களும், சிறையில் இருப்பவர்களும்கூட வரைகிறார்கள். பிறகு அக்ரிலிக் பசையால் சுவரில் ஒட்டுகிறார்கள். தூரிகையே பிடிக்காதவர் கையிலும் வேலை கெடாதபடி பிரித்துக் கொடுக்கத் தெரிந்தவருக்குத்தான் அங்கே மதிப்பு. அது ஆசிரியரின் திறமை அல்லவா?

அதனால் கலைக் கல்வியும் சேர்ந்த பட்டமாகத் தேடுங்கள். அரசுப் பள்ளியில் ஓவிய ஆசிரியராக மாநிலச் சான்றிதழ் வேண்டும். அதைப் படிப்போடு சேர்த்தே முடித்துவிடலாம். சமூக மையங்களில் பட்டறை நடத்தப் பெரும்பாலும் அது தேவைப்படாது, ஆனால் அந்த வருமானம் விட்டுவிட்டு வரும். இன்னொன்றையும் இப்போதே தெரிந்துகொள்ளட்டும்: ஒரு சுவருக்குப் பேசும் தொகை முழுவதும் கூலி இல்லை. வண்ணம், சாரம், காப்பீடு, உதவியாளர் சம்பளம் எல்லாம் அதிலிருந்துதான் போகும்.

விண்ணப்பத்துக்கு அழகான படங்களை மட்டும் அடுக்க வேண்டாம். சின்னச் சுவர் ஒன்றை எடுத்து, அக்கம்பக்கத்தாரிடம் கேட்டது, அதனால் மாறிய வரைபடம், வெறும் சுவரின் புகைப்படம், முடிந்த ஓவியம் என்று வரிசையாக வைக்கட்டும். இந்தக் கோடையிலேயே தொடங்கலாம். முதலில் யாரிடம் அனுமதி கேட்க வேண்டும் என்று அவளே விசாரித்து வரட்டும், நீங்கள் கூடப் போங்கள்.