தப்பு செய்யாதவர்கள் ஆதாருக்கு ஏன் பயப்பட வேண்டும்?

"மடியில் கனமில்லை என்றால் வழியில் பயம் எதற்கு? ஆதாரை எதிர்ப்பவர்கள் எதை மறைக்கப் பார்க்கிறார்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

2012இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போன கே.எஸ். புட்டசாமியையே எடுத்துக்கொள்ளுங்கள். கர்நாடக உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்து ஓய்வு பெற்றவர், அப்போதே எண்பது தாண்டியவர். அவர் மடியில் என்ன கனம் இருந்திருக்கும்? நாடாளுமன்றத்தில் சட்டமே வராமல், வெறும் நிர்வாக உத்தரவை வைத்துக்கொண்டு ஜனங்களின் கைரேகையையும் கருவிழியையும் எப்படி எடுக்கலாம் என்று கேட்டார். நியாயமான கேள்விதானே? முதல் ஆதார் எண் கொடுத்தது 2010இல். சட்டம் வந்தது 2016இல். அதையும் பண மசோதாவாகக் கொண்டுவந்து, மாநிலங்களவை தடுக்க முடியாதபடி செய்துவிட்டார்கள்.

அந்தரங்கம் அடிப்படை உரிமையே இல்லை என்றுகூட அரசுத் தரப்பு வாதாடியது. 2017 ஆகஸ்டில் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக அதைத் தள்ளினார்கள். அடுத்த வருடமே 4-1 என்ற கணக்கில் ஆதார் செல்லும் என்று தீர்ப்பு வந்தது. ரேஷனுக்கும் மானியத்துக்கும் பான் கார்டுக்கும் கேட்கலாம். வங்கிக் கணக்குக்கும் சிம்முக்கும் கட்டாயப்படுத்தக் கூடாது. சட்டமே செல்லாது என்று மாறுபட்ட அந்த ஒருவர் நீதிபதி சந்திரசூட். இங்கே எடுபடாத அவர் வாதத்தை 2019இல் ஜமைக்கா நீதிமன்றம் எடுத்தாண்டு, அந்நாட்டின் கட்டாய அடையாளச் சட்டத்தையே செல்லாது என்றது.

சரி, கட்டாயமில்லை என்றார்களே, கவுன்டரில் போய் அதைச் சொல்லிப் பாருங்கள். லாட்ஜில் ரூம் போட, வாடகைக்கு வீடு பிடிக்க, எல்லாவற்றுக்கும் முதலில் கேட்பது ஆதார் ஜெராக்ஸ்தான்.

அந்த ஜெராக்ஸ் எடுக்கிற கூத்தைக் கவனித்திருக்கிறீர்களா? பிடிஎஃப்பைக் கடை நம்பருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புகிறோம். அதற்குப் பாஸ்வேர்டு, பெயரின் முதல் நாலு எழுத்தும் பிறந்த வருடமும். கடைப் பையன் சத்தமாகக் கேட்பான், நாமும் சத்தமாகச் சொல்வோம், பின்னால் நிற்கிறவர்களும் கேட்டுக்கொள்வார்கள். பிரிண்ட்டை வாங்கிக்கொண்டு நாம் கிளம்பிவிடுவோம். ஃபைல் அந்தக் கம்ப்யூட்டரிலேயே கிடக்கும்.

2022 மே மாதம் ஆதார் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகமே, நகலை எல்லோரிடமும் கொடுக்காதீர்கள், கடைசி நாலு எண் மட்டும் தெரியும் மாஸ்க்டு ஆதாரைக் கொடுங்கள் என்று அறிவித்தது. தவறாகப் புரிந்துகொள்வார்கள் என்று மத்திய அரசு இரண்டே நாளில் அதை வாபஸ் வாங்கிக்கொண்டது. எனக்கென்னவோ அதில் தப்பாக ஒரு வரிகூடத் தெரியவில்லை.

நம்பர் வெளியே போனால் என்ன குடி முழுகிவிடும் என்பீர்கள். ஏஇபிஎஸ் என்று ஒன்று இருக்கிறது: ஆதார் எண், வங்கியின் பெயர், கைரேகை, இந்த மூன்றும் இருந்தால் கிராமத்துப் பெட்டிக்கடையில்கூடப் பணம் எடுக்கலாம். ஓடிபி வராது. வங்கிக் கிளை இல்லாத ஊர்களுக்கு இது பெரிய உதவி, மறுக்கவில்லை. ஆனால் பத்திரப் பதிவு ஆவணங்களில் இருந்த கைரேகையை நகலெடுத்து, அதில் செயற்கை விரல் ரேகை செய்து, அடுத்தவர் கணக்கைத் துடைத்த கும்பல்களை ஹைதராபாத் பக்கமெல்லாம் போலீஸ் பிடித்திருக்கிறது. பணத்தைப் பறிகொடுத்தவர்கள் செய்த ஒரே தப்பு, நிலம் வாங்கியதோ விற்றதோதான். இதில் மறைக்க என்ன இருக்கிறது, சொல்லுங்கள்.

உங்களுக்கு ஆதார் பிடிக்குமோ பிடிக்காதோ, ஆதார் ஆணையத்தின் செயலியில் பயோமெட்ரிக் லாக் என்று, கைரேகையையும் கருவிழியையும் யாரும் பயன்படுத்த முடியாதபடி பூட்டிவைக்கும் வசதி இருக்கும், அதை இன்றைக்கே போட்டுவிடுங்கள். அம்மாவுக்கு நான்தான் போட்டுக் கொடுத்தேன். ஒரே தொந்தரவு, ரேஷன் கடைக்குப் போகும்போது திறந்துவிட வேண்டும். மறந்துவிட்டால் கடைக்காரர் விரலைத் துடைத்துத் துடைத்து வைக்கச் சொல்லிக்கொண்டே இருப்பார்.