எல்லாம் இணையத்தில் கிடைக்கும்போது உள்ளூர்ப் பத்திரிகை மூடினால் வணிகச் செய்திக்கு என்ன நஷ்டம்?

நீங்கள் பங்குச் சந்தையில் முதலீடு செய்பவர் என்று நினைக்கிறேன். பட்டியலிட்ட கம்பெனியின் காலாண்டு முடிவு கைப்பேசிக்கே வந்துவிடும், சரி. பட்டியலில் இல்லாத கம்பெனிகள்தானே அதிகம்? அவற்றைப் பற்றி யார் எழுதுவார்கள்?

நான் பதினோரு வருடம் ஒரு சிறிய நாளிதழில் வணிக நிருபர். ஒருநாள் ஒரு தொழிற்சாலையிலிருந்து விரிவாக்க அறிவிப்பு வந்தது. அப்படியே போட மனமில்லாமல் நேரில் போனேன். வாசலில் ஒரு லாரி சரக்கோடு நின்றது. பழைய பாக்கி வராமல் இறக்காதே என்று முதலாளி சொல்லிவிட்டதாக ஓட்டுநர் சொன்னார். சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த பில்லை எடுத்துக் காட்டினார். மடிப்பில் மை அழிந்திருந்தாலும் தேதி தெரிந்தது: நான்கு மாதம் முந்தையது. அப்புறம் பதிவு ஆவணங்களைத் தேடினேன். இருக்கிற இயந்திரங்களே ஒரு வங்கி போதாமல் இரண்டாவது வங்கியிலும் அடமானத்தில் இருந்தன. உள்பக்கத்தில் எட்டு வரி வந்தது. அந்த எட்டு வரியைப் படித்துவிட்டுக் கடனுக்குச் சரக்கு கொடுப்பதை நிறுத்தியதாக இரண்டு சப்ளையர்கள் பிறகு என்னிடம் சொன்னார்கள். கம்பெனி எங்களுக்கு விளம்பரம் கொடுப்பதை நிறுத்தியது.

விளம்பரத்துக்காக நீங்கள் அமுக்கிய செய்திகள் எத்தனை என்று சிலர் கேட்பார்கள். அமுக்கினோம், மறுக்கவில்லை. ஆனால் அமுக்குவதற்காவது அங்கே ஒரு செய்தி இருந்தது.

2001 டிசம்பரில் திவாலான அமெரிக்க எரிசக்திக் கம்பெனி என்ரானைப் பாருங்கள். அதன் லாபக் கணக்கு முறையைக் கேள்வி கேட்ட ஒரு கட்டுரை 2000 செப்டம்பரிலேயே வால் ஸ்ட்ரீட் ஜர்னல் நாளிதழின் டெக்சஸ் வட்டாரப் பதிப்பில் மட்டும் வந்தது. அதைப் படித்த பிறகுதான் ஜேம்ஸ் சானோஸ் என்ற முதலீட்டாளர் அந்தக் கணக்குகளைத் தோண்டினார். அமெரிக்காவில் பத்திரிகை மூடிய வட்டாரங்களின் தொழிலகங்களில் விதிமீறல்கள் 1.1 சதவீதமும் அபராதத் தொகை 15 சதவீதமும் கூடியதாக 2022இல் வெளியான ஓர் ஆய்வும் இருக்கிறது.

வரிவிளம்பரங்கள் இணையத்துக்குப் போனதும் எங்கள் பத்திரிகையில் முதலில் வெட்டப்பட்டது வணிகப் பக்கம். பிறகு பத்திரிகையே நின்றது. மறுவருடம் அந்தத் தொழிற்சாலையும் மூடியது. தொழிலாளி ஒருவர் போன் செய்து, "மூணு மாசச் சம்பளம் வரல, நீங்க எழுதுவீங்களா சார்?" என்று கேட்டார். என்ன பதில் சொல்வது?

இன்னொரு ஆதங்கமும் உண்டு. இதழியல் படித்துவிட்டு எங்களிடம் வந்த பிள்ளைகளில் ஒருவருக்குக்கூட, கம்பெனியின் சொத்தையும் கடனையும் காட்டுகிற இருப்புநிலைக் குறிப்பு வாசிக்கத் தெரியவில்லை. லாபம் காட்டுகிற கம்பெனியின் கையில் காசு இல்லாமல் போகலாம் என்பதையே கல்லூரியில் யாரும் சொல்லித்தரவில்லையாம். இரவு பக்கம் முடித்த பிறகு, பழைய ஆண்டறிக்கைகளை விரித்து வைத்து நான்தான் சொல்லிக்கொடுத்தேன். அவர்களில் இரண்டு பேர் இப்போது கம்பெனிகளின் மக்கள் தொடர்புத் துறையில் இருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், அங்கே சம்பளம் நேரத்துக்கு வருகிறது.