காய்ந்த நாட்டில் என்ன கண்டீர்?

கேள்வி: ஓமன் போய் வந்ததிலிருந்து மூன்று இதழாக அதே பெருமை. அந்தக் காய்ந்த நாட்டில் பத்து நாள் அப்படி என்னதான் பார்த்தீர்கள்? சாப்பாடாவது வாய்க்குப் பிடித்ததா?
– பட்டுக்கோட்டை வாசகர் ஒருவர்

பதில்: 'காய்ந்த' என்றா எழுதினீர்கள்? ஆகஸ்டில் ஓமனின் தெற்கே ஸலாலாவில் இருந்த பத்து நாளும் நான் துவைத்துப் போட்ட சட்டை காயவில்லை ஐயா. ஈரச் சட்டையோடுதான் விமானம் ஏறினேன்.

மஸ்கட்டிலிருந்து காரில் கிளம்பினோம். ஏறத்தாழ 1000 கிலோமீட்டர். ஹைமா தாண்டி, தும்ரைத் தாண்டி, நீங்கள் நினைக்கிற அதே வெட்டவெளிதான். கரா மலையின் முகட்டைத் தாண்டி வண்டி இறங்கத் தொடங்கியதும் கண்ணாடியில் சாரல். மூடுபனி. அது விலகிய இடத்தில் பச்சைப் புல், மேயும் மாடுகள். குற்றாலத்துக்குச் சாரல் கொண்டுவரும் அதே தென்மேற்குப் பருவக்காற்று அந்த மலையின் கடல் பக்கத்தையும் ஜூன் கடைசியிலிருந்து செப்டம்பர் வரை நனைத்துவிட்டுப் போகிறது. வளைகுடா முழுக்க வெயிலில் வேகும் மாதங்கள் அவை. குவைத், துபாய், ரியாத்திலிருந்தெல்லாம் குடும்பம் குடும்பமாக வந்து, தூறலில் பாய் விரித்து, பிளாஸ்க்கில் ஏலக்காய் கஹ்வாவோடு (அரபுக் காபிதான்) உட்கார்ந்து சுகமாக நனைகிறார்கள். தர்பாத் அருவியருகே குடை பிடித்திருந்த ஒரே ஆள் நான்தான். அருவியை விட்டுவிட்டு என்னைப் படம் எடுத்தார்கள்.

அந்தப் பருவத்துக்கு அங்கே 'கரீஃப்' என்று பெயர். எங்கோ கேட்ட மாதிரி இருக்கிறதா? உங்கள் ஊர் நெல் கொள்முதல் அறிவிப்புகளில் 'காரீப் பருவம்' என்று போடுகிறார்களே, அதேதான். அரபியில் இலையுதிர் காலம் என்று பொருள். முகலாயர் காலத்து வரிக்கணக்கு வழியாக நம் தலையில் வந்து இறங்கியது. குறுவை, சம்பா, தாளடி என்று மூன்று நல்ல சொற்களை வைத்துக்கொண்டு வயலில் நிற்கும் விவசாயியிடம் போய் அதிகாரிகள் 'காரீப்' என்கிறார்கள். இதை எத்தனை முறை எழுதியிருப்பேன்! உதவி ஆசிரியர் இந்த இடம் வந்ததும் டீ குடிக்கப் போய்விட்டார். இன்னொன்று. இந்தப் பக்கத்தில் என்னோடு பல வருஷமாக மல்லுக்கு நிற்கும் புலவர், 'காரீப் என்பது கார் என்னும் தூய தமிழ்ச் சொல்லின் திரிபு' என்று அடுத்த வாரம் கட்டாயம் கடிதம் போடுவார். தபால் செலவு மிச்சமாகட்டும், இப்போதே சொல்லிவிடுகிறேன்: இல்லை புலவரே, இல்லை.

சரி, காய்ந்த இடமே இல்லையா என்றால், இருக்கிறது. அங்கேதான் காசு. மலைக்கு அந்தப் பக்கம், சாரல் எட்டாத நிலத்தில் நிற்கிறது, வாசனைப் புகை போடும் பிசின் தருகிற குந்திரிக்க மரம். பட்டையைச் சீவினால் பால் மாதிரி வடியும். அதை நாள் கணக்கில் காயவிட்டுச் சுரண்டி எடுக்கிறார்கள். மழை படாத அந்தப் பக்கத்துக் குந்திரிக்கத்துக்கு, 'ஹோஜரி' என்று சொல்கிறார்கள், விலை தனி. அந்த மரங்கள் நிற்கும் வாதி தவ்காவையும், ஒரு காலத்தில் குந்திரிக்கம் கப்பலேறிய கோர் ரோரித் துறைமுகத்தையும் யுனெஸ்கோ 2000இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அந்தக் கோர் ரோரியில்தான் 2006இல் இத்தாலிய ஆய்வாளர்கள் ஒரு பானை ஓட்டைத் தோண்டி எடுத்தார்கள். அதில் தமிழ் பிராமியில் 'ணந்தை கீரன்'. கி.பி. முதல் நூற்றாண்டு என்கிறார்கள். கீரன் அங்கே எந்தக் கடையில் சாப்பிட்டாரோ தெரியாது. நான் சாப்பிட்டது சாலையோரத்தில், சூடேற்றிய கற்களின் மேல் இறைச்சியை வாட்டித் தரும் 'மத்பி'. பிரமாதம். பக்கத்துக் கடையில் இளநீர், வாழைப்பழம், பப்பாளி. பட்டுக்கோட்டைக்காரருக்கு இளநீரைப் பற்றி நான் என்ன சொல்ல?

ஆனால் கூட வந்த நண்பர் பரம சைவம். பத்து நாளும் ரொட்டி, பழம், பால். மலைமேல் மாடு வளர்க்கும் ஒரு குடும்பம் எங்களை உட்காரவைத்துப் பால் கொடுத்தது. நண்பர் இரண்டு டம்ளர் குடித்துவிட்டு, "என்ன ருசி! மாட்டுக்கு என்ன தீனி?" என்று கேட்டார். வேண்டாத கேள்வி. மலையாளி டிரைவர் விசாரித்துச் சொன்னார்: "இப்போ புல்லு. புல்லு காய்ஞ்சால் மத்தி." மத்திக்கு மலையாளத்திலும் மத்திதான், வேறு ஏதோ சொல்கிறார் என்று தப்பிக்கவும் வழியில்லை. அங்கே கடற்கரையில் மத்தியைக் கருவாடாக உலர்த்தி மூட்டை கட்டி வைத்து, பசுவுக்கும் ஒட்டகத்துக்கும் போடுவது காலங்காலமான வழக்கம். 14ஆம் நூற்றாண்டில் அந்தப் பக்கம் போன மொராக்கோ பயணி இப்னு பதூதாவே இதைப் பார்த்து அதிசயித்து எழுதியிருக்கிறார்.

நண்பர் டம்ளரைக் கீழே வைத்தார். "இது ஆகஸ்ட். வெறும் புல்தான்" என்றேன். "மே மாதம் தின்றது எங்கே போயிருக்கும்? உடம்பில்தானே?" என்றார். "அப்படிப் பார்த்தால் நம் ஊர் மாடு சினிமா போஸ்டர் தின்கிறதே?" என்றேன்.

கொஞ்ச நேரம் யோசித்தார்.

"பேப்பர் மரத்திலிருந்து வருகிறது. பசை மைதா. அது சைவம்தான்."