பல் வெள்ளையாக்கும் சிகிச்சை பாதுகாப்பானதா? எந்த முறை நல்லது, எவ்வளவு வெளுக்கும், எத்தனை நாள் நிற்கும்?

எந்த ஜெல், எந்த ஸ்ட்ரிப் என்று தேடுவதற்கு முன்னால் பல் ஏன் நிறம் மாறியிருக்கிறது என்று பாருங்கள். வெள்ளையாக்கியும் பலன் இல்லை என்று புலம்புபவர்களில் பலர் இந்த ஒரு படியைத் தாண்டிக் குதித்தவர்கள்தான்.

பல்லின் மேல் படியும் கறை ஒரு வகை. டீ, காபி, புகையிலை, இரும்புச்சத்து டானிக், குளோர்ஹெக்சிடின் கலந்த வாய் கொப்பளிப்பான் ஆகியவை இதற்குக் காரணம். பற்களுக்கு நடுவிலும் கீழ்ப்பற்களின் உட்பக்கத்திலும் பழுப்பாகவோ கறுப்பாகவோ தெரிந்தால் பெரும்பாலும் இதுதான். இதற்கு வெளுக்கும் மருந்தே வேண்டாம்; கிளீனிங் செய்து பாலிஷ் போட்டால் போய்விடும். பலருக்கு இதுவே போதும், ஆசையும் அங்கேயே தீர்ந்துவிடும். ஆனால் கிளீனிங் பல்லின் சொந்த நிறத்தை மாற்றாது. கறை நீங்கிய பிறகும் மஞ்சளாகத்தானே இருக்கிறது என்று மருத்துவரிடம் சண்டை போடுவதில் நியாயமில்லை.

இரண்டாவது வகை, உள்ளிருந்து தெரியும் நிறம். எனாமல், ஓரளவு ஒளி ஊடுருவும் பல்லின் வெளி அடுக்கு. அதற்குள் இருக்கும் டென்டின் இயல்பிலேயே மஞ்சள். வயது ஏற ஏற எனாமல் தேய்ந்து மெலியும், டென்டின் தடிக்கும், மஞ்சள் கூடும். இங்கேதான் வெளுக்கும் மருந்தான பெராக்சைடு வேலை செய்கிறது. ஹைட்ரஜன் பெராக்சைடு எனாமலை ஊடுருவி டென்டினுக்குள் போய், நிறம் தரும் பெரிய மூலக்கூறுகளை உடைத்து நிறமற்ற சிறு மூலக்கூறுகளாக்குகிறது. எதையும் சுரண்டி எடுப்பதில்லை. ஆகவே, முறையாகச் செய்தால் எனாமல் தேய்ந்துபோகும் என்ற பயம் தேவையில்லை.

மூன்று விஷயங்கள் வெளுக்காது: கேப், வெனீர் (பல்லின் முன்புறம் ஒட்டும் மெல்லிய ஓடு), பல் நிற அடைப்பு. முன்பல்லில் பழைய அடைப்பு இருந்தால் சுற்றியுள்ள பல் வெளுத்து, அடைப்பு மட்டும் அழுக்காகத் துருத்திக்கொண்டு தெரியும். அதை மாற்றும் செலவையும் முதலிலேயே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஈறு இறங்கி வெளியே தெரியும் வேர்ப்பகுதியும் சரியாக வெளுக்காது, கூச்சம்தான் மிஞ்சும்.

ஒரே ஒரு பல் மட்டும் கறுத்திருந்தால் கடையில் எதையும் வாங்காதீர்கள். அடிபட்டு உள்ளே நரம்பு செத்திருக்கலாம், வேர் முனையில் சீழ் இருக்கலாம். எக்ஸ்ரே எடுக்காமல் அதை வெளுக்க முயல்வது நோயை மூடி மறைக்கும் வேலை.

இனி முறைகள். இருப்பதிலேயே நீண்ட காலம் சோதிக்கப்பட்டது, பல்லுக்கு அளவெடுத்துச் செய்த ட்ரேயில் (பல்வரிசை மேல் மாட்டும் உறையில்) 10% கார்பமைடு பெராக்சைடு ஜெல் வைத்து இரவில் போட்டுக்கொள்வது. அமெரிக்கப் பல் மருத்துவர்கள் ஹேவுட், ஹேமன் இருவரும் 1989இல் வெளியிட்ட முறை இது. இன்று வரை மற்ற முறைகளை இதோடுதான் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். என்னைக் கேட்டால், அவசரம் இல்லாத எவருக்கும் இதுதான் முதல் தேர்வு.

லேபிளில் உள்ள சதவீதத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. கார்பமைடு பெராக்சைடு உடைந்தால் சுமார் மூன்றில் ஒரு பங்குதான் ஹைட்ரஜன் பெராக்சைடு கிடைக்கும், மிச்சம் யூரியா. 10% கார்பமைடு என்பது ஏறக்குறைய 3.5% ஹைட்ரஜன் பெராக்சைடு. 35% கார்பமைடும் 35% ஹைட்ரஜன் பெராக்சைடும் ஒன்றல்ல. இரண்டாவது மூன்று மடங்கு வீரியமானது, வீட்டில் தொடக்கூடாதது. வேகமும் வேறு. ஹைட்ரஜன் பெராக்சைடு ஜெல் அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்குள் பெரும்பகுதி தீர்ந்துவிடும். கார்பமைடு முதல் இரண்டு மணி நேரத்தில் பாதி தீர்ந்து, மீதி இரவு முழுக்க மெல்ல வேலை செய்யும். முன்னதைப் பகலில் சிறிது நேரமும் பின்னதை இரவிலும் போடச் சொல்வது இதனால்தான்.

செய்யும் விதம்: மருத்துவர் முதலில் சொத்தை, விரிசல், கசியும் அடைப்பு ஆகியவற்றைச் சரிசெய்து, கிளீனிங் முடித்து, ஒன்றிரண்டு வாரம் ஈறு ஆற விடுவார். பிறகு அளவெடுத்து மெல்லிய, நெகிழும் ட்ரே செய்து தருவார். பல் துலக்கி, இடையில் நூல் விட்டுச் சுத்தம் செய்த பின், ட்ரேயில் ஒவ்வொரு பல்லின் முன்புறச் சுவரிலும் நடுவாக அரிசி மணி அளவு ஜெல் வையுங்கள். கடிக்கும் விளிம்பில் வைத்தால் அது பின்பக்கம் வழிந்து வீணாகும். ட்ரேயை மாட்டி விரலால் மெதுவாக அழுத்தி, ஈறில் பிதுங்கி வந்ததைத் துணியாலோ காய்ந்த பிரஷ்ஷாலோ துடைத்துவிடுங்கள். ஜெல் தாராளமாக வைத்தால் சீக்கிரம் வெளுக்கும் என்று நினைப்பதுதான் வீட்டில் நடக்கும் முதல் தவறு. பல்லைத் தொட்டுக்கொண்டிருக்கும் மெல்லிய படலம் மட்டுமே வேலை செய்யும். மிச்சமெல்லாம் ஈறைத்தான் எரிக்கும்.

முதலில் மேல்வரிசையை மட்டும் வெளுத்துப் பாருங்கள். கீழ்வரிசையோடு ஒப்பிட்டால் எவ்வளவு மாறியிருக்கிறது என்பது கண்ணாடியிலேயே தெரியும். இரண்டையும் சேர்த்துச் செய்தால் மாற்றம் கண்ணுக்குப் பழகி, ஒன்றுமே ஆகவில்லை என்று அளவைக் கூட்டத் தோன்றும். சாதாரண மஞ்சளுக்கு 2 முதல் 4 வாரம் போதும். கோரைப்பல் இயல்பிலேயே அடர்நிறம், அது கடைசியில்தான் வழிக்கு வரும். முதல் சில நாட்களில் பல் திட்டுத்திட்டாக, சில இடங்களில் பால்வெள்ளைப் புள்ளிகளோடு தெரியலாம். பயந்து நிறுத்த வேண்டாம்; பெரும்பாலும் இரண்டு வாரங்களில் ஒத்துப்போய்விடும்.

கிளினிக்கில் ஒரே அமர்வில் செய்வது 25 முதல் 40% வரை வீரியமுள்ள ஹைட்ரஜன் பெராக்சைடால். கன்னத்தை விலக்கி, ஈறின் மேல் பாதுகாப்புக்காக ரெசின் என்ற பிசின் தடவி ஒளியால் இறுகவைத்து, பிறகு ஜெல் வைப்பார்கள். 15, 20 நிமிடம் வைத்து, உறிஞ்சி எடுத்து, மறுபடி வைப்பது. பெரும்பாலும் இரண்டு மூன்று சுற்று. ஈறில் எங்காவது சுருக்கென்று எரிந்தால் உடனே கையைத் தூக்கிச் சொல்லிவிடுங்கள். ரெசினைத் தாண்டி ஜெல் கசிந்திருக்கிறது என்று அர்த்தம். மரத்துப்போகும் ஊசி போடாமல் செய்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

நீல விளக்கைப் பற்றி: அது கண்ணுக்கு விருந்து. விளக்கோடு செய்ததற்கும் இல்லாமல் செய்ததற்கும் சில வாரம் கழித்துப் பெரிய வித்தியாசம் இருப்பதில்லை; சூடு சேர்வதால் கூச்சம் கூடலாம். நாற்காலியை விட்டு எழும்போது தெரியும் பளீர் வெண்மையையும் முழுதாக நம்பாதீர்கள். வாயைத் திறந்தே வைத்திருந்ததில் பல்லின் ஈரம் வற்றியிருக்கும். நனைந்த துணி காய்ந்தால் வெளிறித் தெரிவதுபோல் பல்லும் தெரியும். ஓரிரு நாளில் ஈரம் திரும்பியதும் கொஞ்சம் நிறம் இறங்கும். அது சிகிச்சை தோற்றதல்ல. உண்மையான நிறத்தை இரண்டு வாரம் கழித்துத்தான் கணக்கிட வேண்டும். ட்ரே தரும் அதே நிறத்தைக் கிளினிக்கில் எட்ட ஒன்றுக்கு மேற்பட்ட அமர்வு தேவைப்படுவதும் சகஜம். கல்யாணம், நேர்காணல் என்று தேதி நெருக்கினால் கிளினிக், இல்லையென்றால் ட்ரே.

கடையில் கிடைக்கும் ஸ்ட்ரிப்புகளும் (பல்லில் ஒட்டும், ஜெல் பூசிய மெல்லிய பட்டைகள்) வேலை செய்யும். பெரும்பாலும் தினம் அரை மணி நேரம், இரண்டு மூன்று வாரம். வரிசை தவறிய பல்லில் ஸ்ட்ரிப் படியாத இடம் மஞ்சளாகவே நிற்கும் என்பது அதன் குறை. எல்லா வாய்க்கும் ஒரே அளவில் வரும் ரெடிமேட் ட்ரே அதைவிட மோசம். ஜெல் பல்லில் நிற்பதைவிட ஈறிலும் தொண்டையிலும்தான் அதிகம் போகும்.

வெள்ளையாக்கும் பற்பசைகள் மேற்கறையைத் தேய்த்து எடுக்கும், அவ்வளவே. சிலவற்றில் நீல நிறமி இருக்கும். அது பல்லில் மெல்லப் படிந்து மஞ்சளை மட்டுப்படுத்திக் காட்டும், சில மணி நேரத்தில் போய்விடும். கரித்தூளுக்கு வெளுக்கும் சக்தி உண்டு என்பதற்குச் சரியான ஆதாரம் இல்லை. உரசும் தன்மை உண்டு. விரிசலிலும் அடைப்பின் ஓரத்திலும் கறுப்பாகப் போய் உட்கார்ந்துகொள்ளும் குணமும் உண்டு. எலுமிச்சையை நினைக்கவே வேண்டாம். அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவு (எண் குறைந்தால் அமிலம் அதிகம்) 5.5க்குக் கீழே போனாலே எனாமல் கரையத் தொடங்கும், எலுமிச்சைச் சாறோ 2க்கும் 3க்கும் இடையில். தேய்த்த அன்று பல் பளிச்சென்று இருக்கும். எனாமல் மெலிந்து டென்டின் தெரியத் தெரிய நிரந்தரமாக மஞ்சளாகும். போன எனாமல் திரும்ப முளைக்காது.

பாதுகாப்பு என்று கேட்டால், நடைமுறையில் வருவது இரண்டு தொல்லைகள். ஒன்று கூச்சம். பெராக்சைடு சில நிமிடங்களிலேயே பல்லின் கூழ் வரை, அதாவது நரம்பு இருக்கும் நடுப்பகுதி வரை போய்விடும், நரம்பு எரிச்சலடையும். குளிர்ந்த தண்ணீர் பட்டால் கூசும், சிலருக்கு ஒன்றும் படாமலே திடீரென்று மின்சாரம்போல் சுள்ளென்று இழுக்கும். நிறுத்தினால் சில நாட்களில் அடங்கிவிடும். முன்பே கூச்சம் இருப்பவர்கள் 5% பொட்டாசியம் நைட்ரேட் கலந்த பற்பசையில் இரண்டு வாரம் முன்பிருந்தே துலக்கலாம். கூசும் நாளில் ஜெல்லுக்குப் பதில் அதையே ட்ரேயில் வைத்து 10 முதல் 30 நிமிடம் போட்டுக்கொள்ளலாம். ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடுவது, நேரத்தைக் குறைப்பது இரண்டும் பலிக்கும். மொத்தம் சில நாள் கூடும், விளைவு குறையாது. எல்லாப் பல்லும் அல்லாமல் ஒரே பல் மட்டும் விடாமல் வலித்தால் அது வெளுப்பதால் வரும் கூச்சம் அல்ல. விரிசலோ சொத்தையோ இருக்கும், போய்க் காட்டுங்கள்.

இன்னொன்று ஈறு வெந்துபோவது. ஜெல் பட்ட இடம் வெள்ளையாகி எரியும். நன்றாகக் கழுவி, அன்று ட்ரேயை விட்டுவிட்டால் லேசானவை தானாக ஆறும். தினமும் அதே இடத்தில் வந்தால் ட்ரே விளிம்பு ஈறில் ஏறியிருக்கிறது. வெட்டிச் சரிசெய்ய வேண்டும்.

ஐரோப்பிய ஒன்றியம் 2012 முதல் இதற்கு வைத்திருக்கும் வரம்பை, வீட்டில் போடுபவற்றுக்கு எங்கிருந்தாலும் அளவுகோலாகக் கொள்ளலாம்: 0.1% ஹைட்ரஜன் பெராக்சைடு வரைதான் யாரும் வாங்கலாம். அதற்கு மேல் 6% வரை உள்ளவை பல் மருத்துவர் வழியாக மட்டும், முதல் தடவை அவர் பார்வையில். 18 வயதுக்குக் கீழே கூடாது. கர்ப்பிணிகளும் பாலூட்டுபவர்களும் தள்ளிப்போடுவதே நல்லது. அவசரமான சிகிச்சை இல்லையே. அழகு நிலையத்தில் ஈறுப் பாதுகாப்பு இல்லாமல் வீரிய ஜெல் வைப்பவர்களிடம் வாயைத் திறக்காதீர்கள்.

எல்லாக் கறையும் ஒரே மாதிரி மசியாது. வயதால் வந்த மஞ்சள் சுலபம். சிறுவயதில் டெட்ராசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டதால் வந்த சாம்பல் பட்டைகளுக்கு அதே 10% ஜெல்லை 2 முதல் 6 மாதம், சிலருக்கு ஒரு வருடம்கூட இரவுதோறும் போட வேண்டும். ஈறோரத்தில் நீலச் சாம்பல் முழுதாகப் போகாது. ஃபுளூரோசிஸ் (சிறுவயதில் ஃபுளூரைடு மிகுந்ததால் வரும்) வெண்புள்ளிகள் வெளுத்தால் மறையாது. சுற்றியுள்ள பல் வெளுப்பதால் வேறுபாடு குறையும், அவ்வளவுதான். போதவில்லை என்றால் மேற்பரப்பை மெல்லச் சுரண்டுவது, ரெசின் ஊடுருவச் செய்வது என்று வேறு சிகிச்சைகள் உண்டு. வேர் சிகிச்சை செய்து கறுத்த பல்லுக்கு உள்ளிருந்தே வெளுப்பார்கள்: வேர் அடைப்பின் மேல் சுமார் 2 மில்லிமீட்டர் தடுப்புச் சிமென்ட் வைத்து, அதன் மேல் சோடியம் பெர்போரேட்டைத் தண்ணீரில் குழைத்து அடைத்து, சில நாளுக்கொருமுறை மாற்றுவார்கள். பழைய பாணியில் 30% பெராக்சைடும் சூடும் சேர்த்துச் செய்தபோது வேர்க் கழுத்து அரித்துப்போன சம்பவங்கள் உண்டு. தடுப்பு வைத்தீர்களா என்று கேட்பதில் தப்பே இல்லை.

வெண்மை நிரந்தரமில்லை. ட்ரேயில் வந்தது பொதுவாக ஒன்று முதல் மூன்று வருடம் நிற்கும், புகைபிடிப்பவர்களுக்குக் குறையும். மங்கத் தொடங்கினால் பழைய ட்ரேயில் ஓரிரு இரவு போட்டால் போதும், முழுச் சுற்றும் தேவையில்லை. அடைப்பு, வெனீர் மாற்றுவதாக இருந்தால் வெளுத்து முடிந்து இரண்டு வாரம் பொறுங்கள். பல்லில் தங்கிய ஆக்சிஜன் ரெசின் ஒட்டுவதைக் கெடுக்கும். நிறமும் அதற்குள் ஒரு நிலைக்கு வந்திருக்கும்.

மிச்ச ஜெல்லை ஃபிரிட்ஜில் வையுங்கள். வெளியில் கிடந்தால் வீரியம் போய்விடும், காலாவதியானது வெறும் பசைதான். ட்ரேயைக் குளிர்ந்த நீரில் மட்டும் கழுவுங்கள். வெந்நீர் பட்டால் வடிவம் போய்விடும், மறுபடி அளவெடுக்க வேண்டிவரும்.